என் அம்மா, என் மகளின் பாட்டி

(அம்மா மறைந்து ஓராண்டு ஆனதையொட்டி உறவினர்களும் நண்பர்களும் கூடிய நினைவுக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்று தம்பி கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. முதல் பக்கத்தில் தியாகம், பொறுமை, ஓயாத உழைப்பு என்று எல்லாம் வந்து விழுந்தது. படித்துப் பார்த்தேன். யாருடைய அம்மாவுக்கும் அது பொருந்தும். எங்கள் அம்மா மட்டும் அதில் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அதற்குப் பதிலாக இந்த நோட்டை எடுத்து வந்திருக்கிறேன். அம்மா தொலைபேசி எண்களை எழுதி வைத்த நோட்டு. அட்டை கழன்றபோது ஊசியும் நூலும் எடுத்துத் தைத்திருக்கிறார். என் பக்கத்தைத் திறந்தால் ஏழு எண்கள் இருக்கின்றன. கல்லூரி விடுதி, முதல் வேலை பார்த்த அலுவலகம், வாடகைக்கு இருந்த வீடுகள், அப்புறம் செல்போன் எண்கள். எண் மாறும்போதெல்லாம் பழையதின் மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறார். கிறுக்கி மறைக்கவில்லை, இன்றும் எல்லாவற்றையும் படிக்க முடிகிறது. பக்கங்கள் போகப் போக எழுத்து பெரிதாகிறது. கண் மங்க மங்க எண்கள் வளர்ந்திருக்கின்றன. கடைசியாக எழுதிய என் மகளின் எண் பாதிப் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

நாங்கள் வளர்ந்த காலத்தில் அம்மாவுக்கு நேரம் என்பதே கிடையாது. விடிவதற்கு முன்னால் எழுந்து, வேலைக்கு ஓடி, இருட்டிய பிறகு திரும்பி வருவார். எனக்குத் தலை பின்னும் நேரம்தான் பாடம் ஒப்பிக்கும் நேரம். நான் தப்பாகச் சொன்னால் சீப்பால் உச்சந்தலையில் ஒரு தட்டு விழும். வலிக்காது. ஆனால் வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் சீப்போடு சேர்ந்துதான் ஞாபகம் வருகிறது.

இதை என் மகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். அவளுக்குத் தெரிந்த பாட்டி ஒரு மதியம் முழுக்கத் தரையில் உட்கார்ந்து விளையாடி, வேண்டுமென்றே தோற்றுப்போகிறவர். ஒரே கதையை நான்கு முறை கேட்டாலும் நான்கு முறையும் சொல்கிறவர். அவசரமே தெரியாத ஒருவர். உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பாட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

மனிதப் பெண்கள் பிள்ளை பெறும் வயதைக் கடந்தும் ஏன் இவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்று மானுடவியலாளர்கள் வெகுநாளாகக் கேட்டிருக்கிறார்கள். கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் தான்சானியாவின் ஹாட்சா மக்களிடம் போய்ப் பார்த்தார்கள். வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்கிற மக்கள். அங்கே மிகுதியாக உழைத்தவர்களில் வயதான பெண்களும் இருந்தார்கள். ஒரு தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து அவள் கை கட்டுப்பட்டுப் போகும்போது, மூத்த குழந்தை உடல் தேறுவது பாட்டி தேடிக் கொண்டுவரும் உணவைப் பொறுத்து இருந்தது. 1990களில் வந்த ஆய்வு இது. பாட்டிகள் இருந்ததால்தான் மனித ஆயுள் நீண்டது என்பது அவர்கள் முன்வைத்த கருத்து. எல்லா அறிஞர்களும் அதை ஏற்கவில்லை. எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த அந்த நான்கு மாதங்களை நினைத்துப் பார்க்கும்போது நான் ஏற்கிறேன். மூத்தவள் அப்போது என் மடியில் வளரவில்லை, அம்மாவின் இடுப்பில்தான் வளர்ந்தாள்.

இன்னொன்றும் படித்தேன். படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. பெண் குழந்தையின் சினைமுட்டைகள் அது தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் 60 முதல் 70 லட்சம் வரை இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடும். அப்படியென்றால், என் மகள் எந்த முட்டையிலிருந்து வந்தாளோ அது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே என்னுள் இருந்திருக்கிறது. என்னைச் சுமந்தபோதே பேத்தியில் பாதியையும் அம்மா சுமந்திருக்கிறார். உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால், "அதனால்தான் இடுப்பு அப்படி வலித்ததா" என்று கேட்டிருப்பார்.

அன்னையர் தினம் என்று நாம் பன்மையில் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்காகப் போராடிய அன்னா ஜார்விஸ் அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்தவர். அவருடைய தாயார் பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர், பெரியவர்களாக வளர்ந்தவர்கள் நால்வர்தான். தாயார் 1905இல் இறந்தார். 1908 மே 10 அன்று கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்துக்கு அன்னா 500 வெள்ளைக் கார்னேஷன் பூக்களை அனுப்பி வைத்தார். தாயாருக்குப் பிடித்த பூ அது. 1914இல் அமெரிக்க அரசே அந்த நாளை அறிவித்தது. அதன் பெயர் ஒருமையில்தான் இருக்க வேண்டும் என்பதில் அவர் விடாப்பிடியாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லோருக்குமான நாள் இல்லை, அவரவர் வீட்டின் ஒரே ஒரு அம்மாவுக்கான நாள். பிறகு அது கடைக்காரர்களின் நாளாக மாறியதைப் பார்த்து, தானே உண்டாக்கிய நாளை எதிர்த்து மிச்ச வாழ்நாள் முழுவதும் சண்டை போட்டார். அச்சடித்த வாழ்த்து அட்டை அவருக்கு ஆகவே ஆகாது, கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள் என்பார். நான் கிழித்துப் போட்ட அந்த முதல் பக்கமும் அச்சடித்த அட்டைதான்.

சரி, எங்கள் வீட்டின் அந்த ஒரே ஒரு அம்மாவுக்கு வருகிறேன். இரவில் நடையில் ஒரு விளக்கை அணைக்காமலே விட்டுவிடுவார். மறதி என்றுதான் நினைத்திருந்தேன். வயதான பிறகு எங்களோடு வந்து இருந்தபோதும் அதே பழக்கம். நான் தினமும் எழுந்துபோய் அணைப்பேன். சில நாள் கடிந்தும் பேசியிருக்கிறேன், கரண்ட் வீணாகிறது என்று. அம்மா பதில் சொன்னதே இல்லை.

அம்மா போன மூன்றாவது மாதம், ஒரு ராத்திரி நான் அந்த விளக்கை அணைக்கப் போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாட்டிக்கு இருட்டு என்றால் பயம், உனக்குத் தெரியாதா?" என்றாள். சின்ன வயதிலிருந்தே பயமாம். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவர்களும் பயந்துவிடுவார்கள் என்று எங்களிடம் சொல்லவே இல்லையாம். பேத்தியும் இருட்டுக்குப் பயந்தவள் என்பதால் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

இத்தனை வருடம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. தம்பியிடம் கேட்டேன், அவனுக்கும் தெரியாது. ஆனால் அவன் எனக்குத் தெரியாத வேறு ஒன்றைச் சொன்னான். அவனுக்கு வேலை போன வருடம், யாருக்கும் தெரியாமல் மாதாமாதம் அவன் சட்டைப்பையில் பணம் வைத்தாராம். அவன் கவனிக்காதது போல இருந்துவிட்டானாம், அம்மாவும் வைக்காதது போல இருந்துவிட்டாராம்.

இங்கே அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் வந்திருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். அம்மாவோடு படித்த தோழி ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், பதினைந்து வயது அம்மாவை நேரில் பார்த்தவர் இந்த அறையில் அவர் ஒருவர்தான். உங்கள் ஒவ்வொருவரிடமும் நான் சந்திக்காத ஒரு அம்மா இருக்கிறார்.

இந்த நோட்டில் கடைசி எண்ணுக்குப் பிறகு பதினொரு பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. பேச்சு முடிந்ததும் வாசல் பக்கத்து மேசையில் நோட்டையும் ஒரு பேனாவையும் வைக்கிறேன். அம்மா நல்லவர் என்று எழுத வேண்டாம், அது எங்களுக்குத் தெரியும். எதற்குச் சிரித்தார், யாரோடு சண்டை போட்டார், எதற்குப் பயந்தார், அப்படி ஏதாவது ஒன்று. எழுத்து சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், என் மகள் பக்கத்திலேயே இருப்பாள், அவள் எழுதிக்கொள்வாள்.