எல்லார் கையிலும் ஒரே செட்

வணக்கம் நேயர்களே.

களனி கங்கை பெருகினால் கொலன்னாவையிலும் வெல்லம்பிட்டியிலும் என்ன நடக்கும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2016 மே வெள்ளம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். தண்ணீர் ஏறும் பகுதிகளில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். கைத்தொலைபேசிக் கோபுரங்கள் தம்மிடமுள்ள பற்றரியில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு அவையும் ஓய்ந்துவிடும். கோபுரம் வேலை செய்தாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் இணைப்புக் கிடைக்காது. அதனால்தான் இப்போது ஒரு ஒழுங்கையில் உள்ள பத்து வீடுகள், ஒரு தொடர்மாடி, ஒரு கோயில் தொண்டர் குழு என்று பலரும் காசு சேர்த்து வோக்கி டோக்கி வாங்க யோசிக்கிறார்கள். யோசிக்க வேண்டிய விஷயம்தான். எதை வாங்குவது என்பதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன்.

முதலில் ஒன்று. வோக்கி டோக்கி மாதிரி ஒலி அனுப்பும் கருவியை இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. செட்டை வாங்கிவிட்டு அனுமதி தேடப் போகாதீர்கள். எந்த அலைவரிசைக்கு அனுமதி கிடைக்கிறதோ, அதற்குப் பொருந்தும் செட்டைத்தான் வாங்கவேண்டும். இணையத்தில் மலிவாக வரும் சில செட்டுகள் பொலிசார், அம்புலன்ஸ்காரர் பாவிக்கும் அலைவரிசைகளில்கூட ஒலி அனுப்பக் கூடியவை. ஆபத்து வேளையில் அங்கே ஒருவர் தெரியாமல் பொத்தானை அழுத்தினால், உதவிக்கு வருகிறவரின் பேச்சே அடைபட்டுப்போகும்.

சரி, அனுமதி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவுக்குப் போகிறோம். எல்லோரும் கேட்கும் கேள்வி, “இது எத்தனை கிலோமீற்றர் போகும்?” குழுவுக்கு வாங்குகிறவர் கேட்கவேண்டியது வேறு: “இதே செட் எனக்குப் பன்னிரண்டு கிடைக்குமா? இதே பற்றரி இன்னும் மூன்று வருடத்துக்குக் கிடைக்குமா?”

எல்லார் கையிலும் ஒரே செட். இதைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன். ஒரே கம்பனி என்றால் போதாது, ஒரே மொடல்.

ஏன்? நான்காம் வீட்டுக்காரரின் பற்றரி இறங்கிவிட்டது, ஏழாம் வீட்டில் நிறைந்த பற்றரி ஒன்று இருக்கிறது. மொடல் வேறென்றால் அது பொருந்தாது. சார்ஜரும் அப்படித்தான், காதுக்கருவியின் பிளக்கும் அப்படித்தான். இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சிக்கல்கள். தெரியாத சிக்கல் உள்ளே இருக்கிறது. ஒரு கம்பனியின் மூன்றாம் சனல் இன்னொரு கம்பனியின் மூன்றாம் சனலாக இருக்கவேண்டியதில்லை, உள்ளே இருக்கும் அலைவரிசை வேறாக இருக்கலாம். அலைவரிசை ஒன்றாக இருந்தாலும் டோன் என்று ஒன்று இருக்கிறது. காதுக்குக் கேளாத ஒரு மெல்லிய ஒலி பேச்சோடு சேர்ந்து போகும், அந்த ஒலி வந்தால்தான் மற்றச் செட்டின் ஒலிபெருக்கி திறக்கும். ஒரு செட்டில் 12ஆம் இலக்க டோன் என்பது வேறொரு செட்டில் 12 ஆக இராது. இரண்டு பேரும் 3, 12 என்று சரியாகத்தான் வைத்திருப்பார்கள், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. செட் பழுது என்று நினைத்துத் தூக்கி வைத்துவிடுவார்கள்.

பெட்டியில் இந்த டோனுக்கு “இரகசியக் குறி” என்ற மாதிரிப் பெயர் போட்டிருப்பார்கள். அதில் இரகசியம் எதுவும் இல்லை. நீங்கள் பேசுவதை அதே சனலில் டோன் போடாமல் இருக்கும் எவரும் கேட்கலாம். எந்த வீட்டில் ஆள் இல்லை, எங்கே நகை இருக்கிறது என்பதெல்லாம் இதில் பேசக்கூடாது. ஆபத்து நேரத்தில், செட் கேட்கும்போது டோன் பார்க்கும் அமைப்பை நிறுத்திவிடுவதே நல்லது, அப்போதுதான் எல்லாம் காதில் விழும்.

இன்னொன்று, இந்தச் செட்டுகளில் விஎச்எஃப், யூஎச்எஃப் என்று இரண்டு அலைவரிசை வகைகள் உண்டு. முதலாவது 136 முதல் 174 மெகாஹேட்ஸ் வரை, இரண்டாவது 400 முதல் 470 வரை. ஒன்று மற்றதோடு பேசாது. கொங்கிரீட் நெருங்கி நிற்கும் கொழும்புக்கு யூஎச்எஃப் பொருத்தம், யன்னல், படிக்கட்டு இடைவெளிகளால் அது நன்றாக நுழையும். மரமும் வெளியுமான இடத்துக்கு விஎச்எஃப்.

தூரத்துக்கு வருவோம். பெட்டியில் 10, 15 கிலோமீற்றர் என்று இருக்கும். மலை உச்சியிலிருந்து எதிர் மலை உச்சிக்குத் தடையில்லாமல் பேசினால் கிடைக்கும் தூரம் அது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கையில் பிடித்துப் பேசினால் ஒரு கிலோமீற்றரை ஒட்டித்தான் எதிர்பார்க்கவேண்டும், சில மூலைகளில் அதிலும் குறையும். வோட், அதாவது செட்டின் வலு, கூடினால் தூரம் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். தடையே இல்லாத வெளியில்கூட தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் வலு நான்கு மடங்காக வேண்டும். 2 வோட்டிலிருந்து 4 வோட்டுக்குப் போனால் பற்றரிதான் வேகமாக இறங்கும். உயரம் அப்படியல்ல. ஐந்தாம் மாடி பல்கனியில் நிற்கும் ஒருவர் இரண்டு பக்கமும் கேட்டுச் செய்தியைக் கடத்தலாம், அவருக்குச் செலவு எதுவும் இல்லை. வாங்குமுன் கடைக்காரரிடம் இரண்டு செட்டை ஒரு நாள் கேட்டு வாங்கி, ஒழுங்கையின் ஒரு முனையில் ஒருவர் நிற்க மற்றவர் நடந்து பார்க்கட்டும். எந்த மூலையில் பேச்சு அறுகிறது என்று தாளில் குறியுங்கள்.

பற்றரிக் கணக்கை நேயர்கள் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. 1500 மில்லியம்பியர் மணி பற்றரி, 4 வோட் செட். பேசும்போது ஏறத்தாழ 1500 மில்லியம்பியர் இழுக்கும், சும்மா காத்திருக்கும்போது ஏறத்தாழ 60. நூறு நிமிடத்தில் ஐந்து நிமிடம் மட்டும் பேசினால் அது பதினொரு மணி நேரம் வரை வரும். அதே ஆள் இருபது நிமிடம் பேசினால் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமும் முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் செட்டைத் திறப்பது, பிறகு மூடுவது. இரண்டு மூன்று நாள் இழுக்கலாம். மேல்மாடிக்காரர் மட்டும் திறந்தே வைத்திருப்பார், அவருக்குத்தான் மேலதிகப் பற்றரிகள்.

சார்ஜ் ஏற்றும் வழியைக் கடையிலேயே பாருங்கள். தொட்டில் மாதிரியான சார்ஜருக்குப் பெரும்பாலும் சுவர் மின்சாரம் வேண்டும், பவர் பேங்கின் 5 வோல்ட் அதற்குப் போதாது. பற்றரியிலோ செட்டிலோ டைப் சி துவாரம் இருக்கும் மொடலை எடுங்கள். 10,000 மில்லியம்பியர் மணி பவர் பேங்க் ஒன்று, இழப்புப் போக, இந்தப் பற்றரியை இரண்டு தடவையாவது நிரப்பும். சாதாரண ஏஏ பற்றரி போடும் செட் என்றால், பற்றரியை உள்ளே விட்டுவிட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். நாளடைவில் அது கசிந்து தகட்டில் கறல் பிடித்துவிடலாம், கொழும்பின் ஈரக்காற்றுக்கு இன்னும் சீக்கிரம். லிதியம் பற்றரியை அரைவாசி சார்ஜோடு கழற்றி வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கவேண்டும். மழை எச்சரிக்கை வந்த அன்றே முழுதாக நிரப்புங்கள்.

பத்து வீட்டுக்குப் பன்னிரண்டு செட். இரண்டு உதிரி. செட்டுகளைச் சனசமூக நிலையத்தில் பூட்டி வைத்தால், திறப்பு யாரிடம் என்று தேடும் நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். வீட்டுக்கு ஒன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டி, தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு அட்டை கட்டுங்கள். அதில் இவ்வளவும் எழுதுங்கள்: எது நம் சனல், பொத்தானை அழுத்தி ஒரு விநாடி பொறுத்துப் பேசவேண்டும், வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்கவேண்டும். அந்த ஒரு விநாடியை விட்டால் முதல் சொல் போய்விடும். “வராதே” என்பதில் “வ” போனாலே விபரீதம்.

நீர்ப்பாதுகாப்பு: ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஐபிஎக்ஸ் 4 என்றால் தூறலும் தெறிப்பும் மட்டும்தான். கைகளை விட்டுப் பேசும் வொக்ஸ் வசதியை நிறுத்திவிடுங்கள், மழைச் சத்தத்துக்கே அது ஒலி அனுப்பத் தொடங்கிவிடும். ஒருவரின் பொத்தான் மெத்தைக்கடியில் அமுங்கிக் கிடந்தால் முழுச் சனலும் அடைபடும். தொடர்ந்து பேசுவதை 60 விநாடியில் தானே வெட்டும் அமைப்பு செட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டிலும் அதை ஒரே மாதிரி வையுங்கள்.

இன்னும் இரண்டு நிமிடம்தான் என்று எதிரில் சைகை காட்டுகிறார்கள். அமெச்சூர் வானொலி, அதாவது உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் வானொலி, அதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தொலைபேசி இணைப்பு அறுந்துபோன ஹம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலை மூலம் செய்தி கொண்டுவந்தவர்கள் இலங்கையின் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பரீட்சை எழுதி உரிமம் பெறலாம். உங்கள் குழுவில் ஒரு இளைஞரையோ யுவதியையோ அதற்கு அனுப்புங்கள், ஒழுங்கைக்கு வெளியே செய்தி போகவேண்டுமென்றால் அவர்தான் வழி.

குடும்பங்களுக்கு ஒன்று. வோக்கி டோக்கி வாங்க முடியாவிட்டாலும் பற்றரியில் பாடும் ஒரு சாதாரண ரேடியோ வீட்டில் இருக்கட்டும். கைபிடி சுற்றும் வகையில் ஏஏ பற்றரியும் போடக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள், சுற்றுகிற சக்தி சில நிமிடங்களுக்குத்தான். அட்டையின் பின்பக்கத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அம்புலன்சுக்கான 1990ஐயும் எழுதுங்கள். வணக்கம்.