கைகேயி, லியர், ஒரு கையெழுத்து
(வெள்ளவத்தையில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

தலைமை வகிக்கும் பேராசிரியர் அவர்களே, பிரதம விருந்தினராக முன்வரிசையில் வீற்றிருக்கும் இளைப்பாறிய நீதிபதி ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, மண்டபத்தை மனமுவந்து தந்த அறங்காவலர்களே, மழையையும் காலி வீதி நெரிசலையும் பாராமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மாரே, வணக்கம். நீதிபதி ஐயாவை வைத்துக்கொண்டு சட்டமும் பேசப்போகிறேன், பொறுத்தருள்க.

கைகேயி, லியர், மந்தரை என்று மூவரை அழைப்பிதழில் போட்டிருக்கிறோம். மூவருக்கும் ஒரே பழமொழி: தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

கம்பனின் கைகேயி வெறும் பிடிவாதக்காரி அல்ல, காரியக்காரி. 'ஆழிசூழ் உலகம் எல்லாம் பரதனே ஆள' என்று தொடங்கி, இராமனுக்கு ஏழிரண்டு ஆண்டுக் காட்டை விதித்து, 'இயம்பினன் அரசன்' என்று முடிக்கிறாள். வரம் கொடுத்தவன் தயரதன்தான். ஆனால் இராமனிடம் அவன் அப்படிச் சொன்னதேயில்லை. தன் ஆசைக்கு அவன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறாள். யாருக்காக அரசு கேட்டாளோ, கேகயத்தில் இருந்த அந்தப் பரதனை ஒரு வார்த்தை கேட்டாளா? வாயும் வயிறும் வேறு!

ஷேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையில் மூத்த மகள்மார் இருவரையும் திட்டுவது வழக்கம். நான் தகப்பனில்தான் தொடங்குவேன். 'என்னில் யாருக்குக் கூட அன்பு?' என்று கேட்டு நாட்டைப் பிரித்தவன் அவன். இளைய மகள் கோர்டீலியா 'ஒன்றுமில்லை' என்றாள், சீதனம் போயிற்று. அவளைப் பெண்கேட்டு வந்த பர்கண்டிக் கோமகன் உடனே பின்வாங்கினான். பிரான்ஸ் மன்னனோ சீதனமில்லாமலே அவளை ஏற்றான். (கைதட்டல்)

கிழவன் தனக்கென்று 100 வீரரை வைத்துக்கொண்டு, மாதம் மாறி மாறி மகள்மார் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. மூத்தவள் 50 ஆக்கினாள். கோபித்துக்கொண்டு அடுத்தவளிடம் போனான். 25க்கு மேல் இடமில்லை என்றாள். உடனே மூத்தவளிடம் திரும்பி, 'உன் 50 அவள் 25இன் இரட்டிப்பு, உன் அன்பும் இரட்டிப்பு' என்கிறான்! அவளோ, '25 எதற்கு, 10 எதற்கு, 5 எதற்கு?' என்றாள். தங்கை முடித்துவைத்தாள்: 'ஒன்றுதான் எதற்கு?' வெள்ளவத்தைச் சந்தையில் பாரைமீன் விலைகூட இவ்வளவு வேகமாய் இறங்காது. (சிரிப்பு) நம்மூர் நொத்தாரிசு என்றால் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிக் காப்பாற்றியிருப்பார்.

சீதனம், உறுதி என்று வந்துவிட்டோம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணுக்கு 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம் என்ன சொல்கிறது? நகையை அவள் தன்பாட்டில் விற்கலாம். மரணசாசனத்தில் காணியை யாருக்கும் எழுதலாம். உயிரோடிருக்கையில் அதே காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்! சீதனமாய் வந்த காணிக்கும் இதே கதைதான். கணவன் கைவிட்டுப்போனாலோ, இருக்குமிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, அவள் வசிக்கும் இடத்து அல்லது காணி இருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொழும்பில் என்றால் புதுக்கடை நீதிமன்றப் படிகள். அதற்குள் வாங்க வந்தவர் காத்திருப்பாரா? லியருக்காவது மகள்மார் கணக்குச் சொன்னார்கள். இங்கே மௌனமாயிருந்தே ஒருவர் மறித்துவிடலாம். வாயும் வயிறும் வேறென்றால் கையெழுத்தும் வேறுதானே?

தலைவர் மணியடித்துவிட்டார், மந்தரை இன்றைக்குத் தப்பினாள். அந்தச் சம்மத விதியை நீக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஒப்பமிடுவோர் பெயரைத் தெளிவாக எழுதி, அடையாள அட்டை இலக்கத்தையும் சேருங்கள். நன்றி, வணக்கம்.