429 கோடியும் ஒரு 641உம்

அவையோருக்கு வணக்கம். இன்று ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேசப் போகிறேன்: 4,29,49,67,297. இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் வருவது இது.

இதற்கு மூத்தவர்கள் ஐவர்: 3, 5, 17, 257, 65,537. இரண்டின் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து ஒன்றைக் கூட்டினால் இவை கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். இவ்வரிசை முழுவதும் பகா எண்களாகவே இருக்கும் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா 1640இல் கடிதங்களில் எழுதினார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆனால் ஆறாவது எண்ணிலேயே அது பொய்த்தது. 4,29,49,67,297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று 1732இல் சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஆய்லர் அறிவித்தார். ஈவு 67,00,417.

641 என்பது 116ஆவது பகா எண். ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்திருந்தால் ஃபெர்மாவே பிடித்திருப்பார் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வகுக்காமலே பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிடலாம் என்பதுதான் எனக்கு இதைவிடச் சுவையானது. நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்று கொள்வோம். அப்படியென்றால் இரண்டின் 32ஆம் அடுக்கு அப்பகா எண்ணின் ஒரு மடங்குக்கு ஒன்று குறைவாக நிற்கும். அதன் வர்க்கமான 64ஆம் அடுக்கை அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி ஒன்று வரும். அதற்கு முந்தைய எந்த அடுக்கும் ஒன்றைத் தராது. ஆகவே அப்பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் 64இன் மடங்கு வந்தாக வேண்டும். இந்தக் கடைசிப் படிக்குத் துணை நிற்பது ஃபெர்மாவின் தேற்றமே: ஒற்றைப்படைப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்து, அதை இரண்டுக்கு அடுக்காக வைத்தால், அப்பகா எண்ணால் வகுக்கும்போது மீதி ஒன்றே வரும்! அவருடைய ஆயுதமே அவருடைய ஊகத்தை வீழ்த்தியது. இவ்விதியையும் ஆய்லரே பின்னாளில் நிறுவினார். 64 அன்று, 128இன் மடங்கே வேண்டும் என்று 1878இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அதை மேலும் இறுக்கினார்.

இப்போது தேடுங்கள். 129, 257, 385, 513, 641 என்று வரிசை போகிறது. இவற்றுள் 129, 385, 513 ஆகியவை பகா எண்கள் அல்ல. 257 மூத்தவர்களில் ஒருவர். மூத்தவர் ஐவரையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் நம் எண்ணே வருவதால், அவர்களில் எவர் வகுத்தாலும் மீதி இரண்டுதான். எஞ்சுவது 641, முதல் முயற்சியே வெற்றி.

641 வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலும் காட்டலாம். அது 5இன் நான்காம் அடுக்கான 625உம், 2இன் நான்காம் அடுக்கான 16உம் சேர்ந்த கூட்டுத்தொகை. 5ஐ 128ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினாலும் அதுவே. எனவே 641ஆல் வகுக்கும்போது 16க்குப் பதிலாகக் கழித்தல் 625ஐ வைக்கலாம். இரண்டின் 32ஆம் அடுக்கு என்பது 16ஐ 128இன் நான்காம் அடுக்கால் பெருக்கியது. 625உம் 5இன் நான்காம் அடுக்கு என்பதால், அது இப்போது 640இன் நான்காம் அடுக்குக்கு முன் கழித்தல் குறி இட்டதாகிறது. 640 என்பது 641க்கு ஒன்று குறைவு; ஆகவே அதன் நான்காம் அடுக்கு மீதி ஒன்றையே தரும். கழித்தல் ஒன்றோடு நாம் கூட்டிய ஒன்று சேர்ந்தால் பூச்சியம்.

மிச்சமுள்ள 67,00,417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2,589க்குள் அடங்கும். அதே விதிப்படி நாம் சோதிக்க வேண்டியவை 641, 769, 1,153, 1,409 ஆகிய நான்கே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. நான்கும் வகுக்கவில்லை; அது பகா எண்.