ஒரு கிராமுக்குள் கால் ஏக்கர்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் கீமோவுக்கு முன்னால் இதயத்துக்கு எக்கோ எடுத்துவரச் சொன்னார்கள். அத்தை வாடிப்பட்டிப் பக்கம் நாற்று நட்டுப் பிழைத்தவர். "கட்டி இருக்கறது மார்ல. நெஞ்சுக்குள்ள எதுக்குப்பா படம் புடிக்கிறாக?" என்று கேட்டார். வேதியியல் வாத்தியார் நான்தானே, பதில் சொல்ல வேண்டாமா?

அவருக்குப் போடவிருந்தது டாக்ஸோரூபிசின். செக்கச் செவேலென்று இருக்கும். போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீரே சிவந்து போகும். ரத்தம் போகிறதோ என்று அத்தை பதறிவிட்டார். இந்த மருந்துக்குக் கட்டி எது, நல்ல இடம் எது என்று தெரியாது. முடி வேர், குடல், எலும்பு மஜ்ஜை எல்லாவற்றிலும் கை வைக்கும். இதயத் தசையைப் பலவீனமாக்கும் என்பதால், வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அந்த மருந்தைக் குட்டிப் பாத்திரத்தில் அடைத்து, வாயை மூடி அனுப்பி, கட்டிக்குள் போனதும் மூடியைத் திறக்க முடிந்தால்? அந்தப் பாத்திரம்தான் நுண்துளை சிலிக்கா.

சிலிக்கா நமக்குப் புதிதல்ல. மணலிலும் கண்ணாடியிலும் இருப்பது அதுதான். உமியை நன்றாக எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு சிலிக்கா. சோழவந்தான் அரிசி ஆலைச் சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்து, அந்தக் கரைசலிலிருந்தே இந்தத் துகளைச் செய்யலாம்.

சரி, ஓட்டை எப்படி வருகிறது? செங்கல் மண்ணோடு உமியைக் கலந்து பிசைவதைப் பார்த்திருப்பீர்கள். சூளையில் உமி எரிந்துவிடும், அது இருந்த இடம் பொந்தாக நிற்கும். கல்லை உடைத்தால் உமியின் வடிவம்கூடத் தெரியும். இங்கே உமிக்குப் பதிலாகச் சோப்பு மாதிரி ஒரு பொருள். அதன் மூலக்கூறுகள் தண்ணீரில் கூடி மெல்லிய குச்சிகளாக நிற்கும். அவற்றைச் சுற்றிச் சிலிக்கா படியும். 550 டிகிரி வாக்கில் சுட்டால் சோப்பு எரிந்துபோய், தேன்கூடு போல வரிசையாகத் துளைகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நானோமீட்டர் அகலம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். 1992இல் மொபில் எண்ணெய் நிறுவனத்து ஆய்வாளர்கள் எம்.சி.எம்-41 என்ற பெயரில் இதை வெளியிட்டபோது அவர்கள் மனதில் இருந்தது பெட்ரோலியம்தான். 2001இல் மாட்ரிட்டில் மரியா வாலெட்-ரெகியின் குழு அந்தத் துளைகளில் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தை ஏற்றிக் காட்டியது.

ஒரு கிராம் தூளின் உள்பரப்பு சுமார் 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் 25 சென்ட், கால் ஏக்கர்! மனை விலை விசாரித்து அலைகிறவர்களுக்குப் பொறாமையாக இருக்கும். மருந்து ஒட்டிக்கொள்ள அவ்வளவு இடம்.

அப்புறம் மூடி. புளிப்பை அளக்கும் எண்தான் பிஎச், அது குறையக் குறையப் புளிப்பு கூடும். ரத்தத்தின் பிஎச் 7.4. செல் ஒரு துகளை விழுங்கி உள்ளே வைக்கும் பையில் அது 5 வாக்கில், அதாவது புளிப்பு. புளி தேய்த்தால் பித்தளைச் செம்பில் களிம்பு விடுவது போல, அந்தப் புளிப்பில் மட்டும் அறுந்துபோகும் பிணைப்பால் மூடியைக் கட்டுகிறார்கள். சில புற்றுச் செல்கள் ஃபோலிக் அமிலத்தை ஆவலாகப் பிடித்து இழுக்கும். அதனால் துகளின் வெளியே அதையும் ஒட்டிவிடுவது உண்டு.

கேட்க அழகாக இருக்கிறது. உடம்பு அவ்வளவு சுலபமாக விடாது. ரத்தத்தில் இறங்கியதும் புரதங்கள் துகள்மேல் அப்பிக்கொண்டு, முகவரி போல ஒட்டிய ஃபோலிக் அமிலத்தையே மறைத்துவிடும். கல்லீரலும் மண்ணீரலும் வழிமறித்துப் பிடித்துக்கொள்ளும். பலவகை நானோத் துகள்களை விலங்குகளுக்குச் செலுத்திய பத்தாண்டு ஆய்வுகளை 2016இல் அலசினார்கள். கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். மாட்டுத்தாவணியில் ஆயிரம் பேர் பஸ் ஏறி, ஏழு பேர் ஊர் போய்ச் சேர்ந்த கதை. ஓட்டை போடுவதும் மருந்தை நிரப்புவதும் எங்கள் மாணவர்களே செய்துவிடுவார்கள். ஊர் சேர்ப்பதுதான் பாடு.

மேலூர்ப் பக்கத்து நேயர்கள் ஒன்று கேட்பார்கள்: கல் குவாரித் தூசியில் நுரையீரலைக் கெடுப்பதும் சிலிக்காதானே? ஆமாம், ஆனால் அது படிக வடிவம், மூச்சில் போவது. இது படிகமில்லாதது, மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும். அதற்காகப் பயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அளவையும் வடிவத்தையும் பொறுத்துக் குணம் மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும்.

டாக்ஸோரூபிசினைக் கொழுப்புப் பையில் அடைத்த மருந்து 1995 முதலே இருக்கிறது. சிலிக்காவில் அடைத்தது இன்னும் புற்றுநோய் வார்டுக்கு வரவில்லை. யாராவது வீட்டு வாசலில் "நானோ மருந்து" விற்றால் வாங்கிவிடாதீர்கள்.

ஆய்வகத்துத் தூளை ஒரு சீசாவில் எடுத்துப்போய் அத்தையிடம் காட்டினேன். குலுக்கிப் பார்த்துவிட்டு, "கோலமாவு கணக்கா இருக்கு, இதுக்குள்ளயா ஓட்டை?" என்றார். அவருக்கு வருகிற வாரம் மறுபடியும் எக்கோ. கூட்டிப்போக வேண்டியது நான்தான்.

வணக்கம்.