பாஸ்வேர்டை மேனுவல்லயே அச்சடிச்சு வச்சிருக்காங்க, ஏன் தெரியுமா?

[திரையில்: மேனுவல் பக்கம், ஒரு வரி மட்டும் மஞ்சள் கோட்டில்]

ஒரு சிப்போட பாஸ்வேர்ட் சொல்றேன், குறிச்சுக்கோங்க. ஹெக்ஸ்ல, அதாவது 0-9, ஏ-எஃப்னு 16 இலக்கம் வர்ற எண் முறையில, 5ஏ. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியோட எம்எஸ்பி430 சிப்புல, புரோகிராம் தொங்கிப்போனா ரீசெட் பண்ற வாட்ச்டாக் டைமரைத் தொடணும்னா இதுதான் சாவி. நான் எதையும் உடைச்சு எடுக்கல, கம்பெனியே மேனுவல்ல போட்டிருக்கு. ஊருக்கே தெரிஞ்ச சாவிக்கு எதுக்குங்க பூட்டு?

பின்னணி சுருக்கமா: மெமரி முகவரியை வச்சிருக்கற ஒரு பாயின்டர் தப்பாப் போகுது, இல்ல பவர் லைன்ல இரைச்சல் வந்து, அடுத்து எதை ஓட்டணும்னு காட்டற புரோகிராம் கவுன்ட்டர் எங்கேயோ தாவுது. எழுதக் கூடாத ரெஜிஸ்டர்ல, அதாவது சிப்போட செட்டிங் இருக்கற இடத்துல, எதையோ எழுதிடுது. அது வாட்ச்டாக்கா இருந்தா, தொங்கிப்போன புரோகிராமை எழுப்ப வேண்டிய காவல்காரனே தூங்கிடுவான்.

[திரையில்: ஆட்டுப் பட்டி, படல், கயித்து வளையம்]

இந்தப் படலைப் பாருங்க. யார் வந்தாலும் வளையத்தைத் தூக்கி, படலைத் தன் பக்கம் இழுத்தா திறந்துடும். ஆடு முட்டும், உரசும், காலைத் தூக்கி வைக்கும். ஆனா முதல்ல தூக்கணும், அப்புறம் இழுக்கணும்ங்கற வரிசை அதுக்கு வராது. பூட்டு திருடனுக்கு, வளையம் ஆட்டுக்கு. ரெஜிஸ்டர்ல போட்டிருக்கறதும் ஆட்டுக்கான வளையம்தான்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். எம்எஸ்பி430-ல அந்த வாட்ச்டாக் ரெஜிஸ்டர் 16 பிட். எழுதும்போது மேல் பைட்ல 5ஏ இருக்கணும். அதே ரெஜிஸ்டரைப் படிச்சா மேல் பைட்ல என்ன வரும்? 5ஏ வராது. 69 வரும்! வேணும்னே அப்படி வச்சிருக்காங்க.

நாம பழக்கதோஷத்துல என்ன பண்ணுவோம்? ஒரு பிட்டை மட்டும் 1 ஆக்கணும்னு |= போடுவோம். சிப் முதல்ல படிக்கும், 69 வரும். நம்ம பிட்டைச் சேர்த்து, அந்த 69-ஓடவே திருப்பி எழுதும். சாவி தப்பு. உடனே ரீசெட். மெயின் மறுபடி முதல் வரியில இருந்து ஓடும், அங்கேயும் அதே |=, மறுபடி ரீசெட். நான் முதல் தடவை இதுல மாட்டினப்போ எல்ஈடி ஒரு தடவை கூட மினுக்கல. ஒயரை மாத்தி மாத்திச் செருகிப் பார்த்தேன், குத்தம் ஒரே ஒரு கோட்டுக்குறியில. |= எடுத்துட்டு, சாவியையும் பிட்டையும் சேர்த்து நேரா = போட்டு எழுதுங்க, ஓடிடும். இதுல மாட்டினவங்க கமென்ட்ல சொல்லுங்க, நிச்சயம் நிறையப் பேர் இருப்பீங்க.

அர்டுயினோ ஊனோல இருக்கற ஏடிமெகா328பி வரிசையோட நேரத்தையும் பார்க்கும். வாட்ச்டாக் நேரத்தை மாத்தணும்னா ரெண்டு பிட்டை ஒண்ணா 1 ஆக்கி, 4 கிளாக் சைக்கிளுக்குள்ள புது மதிப்பை எழுதணும். 16 மெகாஹெர்ட்ஸ்ல அது வெறும் 250 நானோசெகண்ட். நடுவுல சிப்பை வேற வேலைக்கு இழுக்கற இன்டரப்ட் வந்தா போச்சு, முன்னாடியே இன்டரப்டை நிறுத்தி வைங்க.

[திரையில்: இரண்டு எண்கள், ஒன்றன் கீழ் ஒன்று]

எஸ்டிஎம்32எஃப்4 சிப்புல, புரோகிராம் இருக்கற ஃபிளாஷ் மெமரியை எழுதவோ அழிக்கவோ திறக்க ரெண்டு சாவி. 45670123, அப்புறம் சிடிஇஎஃப்89ஏபி. உத்துப் பாருங்க, ஹெக்ஸோட 16 இலக்கமும் ஆளுக்கு ஒரு தடவை! தப்பா எழுதினா அடுத்த ரீசெட் வரைக்கும் திறக்காது.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு, இதைக் கண்டிப்பா கேளுங்க. சாவியை ஒரு ஃபங்ஷனுக்குள்ள எழுதி, திறக்கறதையும் அழிக்கறதையும் அதுலயே வச்சுடறோம். வழிதவறின புரோகிராம் கவுன்ட்டர் அந்த ஃபங்ஷனோட தலையிலயே வந்து விழுந்தா? வளையத்தை நம்ம கோடே ஆட்டுக்குத் தூக்கிக் கொடுத்துடும். அதனால நான் சாவியை உள்ள வைக்கறதே இல்ல, கூப்பிடற இடத்துல இருந்து ஆர்கியுமென்டா அனுப்பறேன். வேலை முடிஞ்ச அடுத்த வரியிலயே லாக் பிட்டை 1 ஆக்கி ஃபிளாஷை மறுபடி பூட்டிடறேன். உங்க பிராஜெக்ட்ல அந்த லாக் வரி இருக்கான்னு இப்பவே திறந்து பாருங்க.