டொட் கொட்டனின் மறுநாள்

வணக்கம் நேயர்களே. நாடகத் தொடர் பார்த்த அனுபவத்தைப் பேச வானொலியில் கூப்பிடுவார்கள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. பார்த்ததும் வீட்டில் இருந்து அல்ல. கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் வேலை செய்தேன். பின்னேரச் சாப்பாடு முடிந்ததும் பொது அறையில் பிபிசியின் 'ஈஸ்ட் எண்டர்ஸ்' ஓடும். அந்த அரை மணி நேரம் யாருக்கும் மாத்திரை கொடுக்கக்கூடப் போக முடியாது, விரட்டி விடுவார்கள். டொட் கொட்டன் எனக்கு அறிமுகமானது அங்கேதான்.

தொடர் 1985 பெப்ரவரியில் தொடங்கியது. கிழக்கு லண்டனில் வோல்ஃபோர்ட் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே உடுப்புத் தோய்க்கும் கடையில், காசு போட்டால் மெஷின் சுற்றுமே, அந்த லாண்டரெட்டில் வேலை செய்கிறவள் டொட். ஜூன் பிரௌன் நடித்தார். விரலில் சிகரெட், வாயில் பைபிள் வசனம். ஊர்வம்பு என்றால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். நேர்மையான பாத்திரம் என்றால் பொறுமையே உருவாக, பூமாதேவி மாதிரி ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துவது நம் தொடர்களின் பழக்கம். டொட்டிடம் பொறுமையும் கிடையாது. ஆனால் கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகமும் இல்லை. அதுதான் அவளுக்கு வினையாக வந்தது.

2000ஆம் ஆண்டில் எதெல் கதை வந்தது. எதெல் டொட்டின் பழைய சிநேகிதி. கிரெச்சன் ஃபிராங்க்ளின் நடித்தார். புற்றுநோய் முற்றிவிட்டது. இனி வலி மட்டும்தான் மிச்சம் என்று தெரிந்த எதெல், தான் சாக டொட் உதவ வேண்டும் என்று கேட்கிறாள். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளையை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவளிடமே போய்க் கேட்கிறாள். சட்டமும் சும்மா விடாது. ஒருவர் தற்கொலை செய்ய உதவினால், இங்கிலாந்தின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு வருடம் வரை சிறை.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். சொத்துக்காகவோ பழிவாங்கவோ யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு பக்கம் கர்த்தரின் கட்டளை, மறுபக்கம் சிநேகிதியின் கெஞ்சல். எதை மீறினாலும் டொட் தன் கண்ணில் பாவிதான். கடைசியில் அவள் உதவினாள். அந்தக் காட்சி ஓடியபோது எங்கள் பொது அறையில் இருமல்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு கிழவி என் கையைப் பிடித்து, "தேத்தண்ணி போடு மகளே" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு அந்த அறையில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

சினிமாவாக இருந்தால் அந்த இடத்தில் படம் முடிந்திருக்கும், நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்போம். தொடரில் அந்த வசதி இல்லை. டொட் மறுநாள் எழும்பி, அதே தெருவில் நடந்து, அதே மெஷின்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். குற்றவுணர்வு அவளைத் தின்றது. தனக்குத் தண்டனை கிடைக்க வேண்டும் என்றே அவள் ஆசைப்பட்டாள்.

மகன் நிக் கதை இன்னும் கொடூரம். பெற்ற தாய்க்கே நஞ்சு வைக்கப் பார்த்தவன். 2015இல், தொடரின் முப்பதாவது ஆண்டு நிறைவில், ஹெரோயின் ஏற்றிக்கொண்டு அவள் கண் முன்னால் சாகிறான். அம்புலன்ஸைக் கூப்பிடாமல், கடவுள் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள் டொட். பிறகு சிறைக்கும் போகிறாள். எனக்கு அந்தக் கதையில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. எதெலுக்காகத் துடித்தவளைக் கதாசிரியர்கள் திரும்பவும் அதே முள்ளில் ஏற்றிவிட்டார்கள் போலிருந்தது.

என்னை உண்மையில் உலுக்கியது இந்த இரண்டு சாவும் அல்ல. 2008 ஜனவரி 31ஆம் திகதி ஒளிபரப்பான ஓர் அத்தியாயம். அரை மணி நேரமும் ஒரே ஒரு ஆள், டொட் மட்டும். அவளுடைய கணவன் ஜிம்முக்குப் பக்கவாதம். ஜிம்மாக நடித்த ஜோன் பார்டனுக்கே 2007இல் பக்கவாதம் வந்து, அதைக் கதையிலும் சேர்த்துவிட்டார்கள். ஜிம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து பார்க்க முடியுமா என்பது கேள்வி. டொட் ஒரு கசெட் ரெக்கோர்டருக்கு முன்னால் உட்கார்ந்து கணவனுக்குச் செய்தி பதிவு செய்கிறாள். சுற்றி வளைக்கிறாள். யுத்த காலத்தில் பிள்ளையாக வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட கதையைச் சொல்கிறாள். சிகரெட் பற்றவைக்கிறாள். சுகத்திலும் நோயிலும் கூட இருப்பேன் என்று தேவாலயத்தில் சத்தியம் செய்தவள், 'என்னால் ஏலாது' என்ற சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். டோனி ஜோர்டன் எழுதியது. அந்த அரை மணி நேரத்துக்காக ஜூன் பிரௌனின் பெயர், பிரிட்டனில் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுக்கும் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது.

அந்தக் குரலை நான் வேலையில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். புருஷனையோ தாயையோ கொண்டுவந்து விடுகிறவர்கள் முதலில் கட்டில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள், பிறகு ஜன்னல் திறக்குமா என்று. சொல்ல வந்ததைச் சொல்லவே மாட்டார்கள். ஒரு மனிதர் மனைவியை விட்டுவிட்டுக் கீழே போய், கார் நிறுத்தும் இடத்தில் காருக்குள் ஏறினார். என் வேலை முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. முடித்துக்கொண்டு இறங்கிப் போகும்போதும் அவர் அங்கேயேதான் இருந்தார், இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

மறுநாள் பின்னேரம் வந்தார். கையில் ஒரு பை. அதில் அந்த அம்மாவின் இரவு உடுப்புகள். எங்கள் இல்லத்திலேயே தோய்த்துக் கொடுப்போம், கொண்டுவரத் தேவையில்லை என்று சொன்னேன். சரி, சரி என்று தலையாட்டினார். அதற்கடுத்த நாளும் தோய்த்து மடித்துக் கொண்டுவந்தார்.