கொடி பிடித்த வர்ணனையாளர்

அவையோருக்கு வணக்கம்.

1972 செப்டம்பர். லண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல், லிவர்பூல் கால்பந்து அணிகள் மோதுகின்றன. ஆட்டத்தின் நடுவே லைன்ஸ்மேன், அதாவது கோட்டோரம் கொடியோடு ஓடும் துணை நடுவர், ஒருவருக்குத் தசை பிடித்துக்கொண்டது, ஓட முடியவில்லை. மாற்று ஆள் கிடைக்காவிட்டால் ஆட்டம் நின்றுபோகும். “கூட்டத்தில் தகுதி பெற்ற நடுவர் யாராவது உண்டா?” என்று ஒலிபெருக்கியில் கேட்டார்கள். பார்க்க வந்தவர்களில் ஒருவர் எழுந்து இறங்கி வந்தார். ட்ராக்சூட்டை மாட்டிக்கொண்டு கொடியை வாங்கிக் கோட்டோரம் ஓட ஆரம்பித்தார். நீண்ட தாடை. பார்த்தவுடனே கூட்டத்துக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தொலைக்காட்சியில் கால்பந்து பேசுகிற ஜிம்மி ஹில்!

ஆடியவர், சங்கம் நடத்தியவர், பயிற்சி கொடுத்தவர், கிளப்பை நிர்வகித்தவர், கேமரா முன் உட்கார்ந்தவர், போதாக்குறைக்கு லைன்ஸ்மேன். கால்பந்தில் அவர் உட்காராத நாற்காலி அநேகமாக இல்லை. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

1928-இல் லண்டனின் பாலம் (Balham) பகுதியில் பிறந்தவர். பிரென்ட்ஃபோர்டுக்கு ஆடினார், பிறகு ஃபுல்ஹாமுக்கு. 1958-இல் டான்காஸ்டர் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டார். அதற்காக அவரை மேதை என்று சொல்லிவிட முடியாது. உழைத்து ஆடுகிற ரகம், அவ்வளவுதான். அவருடைய உண்மையான ஆயுதம் காலில் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அந்தப் பிள்ளை இவர்.

1957-இல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமைக்கு வந்தார். அன்றைய இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் வாரச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. வரம்பு கடைசியில் 20 பவுண்டில் நின்றது. கோடை விடுமுறை வந்தால் அதுவும் 17. அரங்கம் நிறைய ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வருகிறார்கள். அந்தக் காசு யாரைப் பார்க்க வந்த காசு? ஹில் கேட்ட கேள்வி இதுதான்.

மான்செஸ்டரில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஓர் இளம் ஆட்டக்காரர் எழுந்தார். “என் அப்பா சுரங்கத் தொழிலாளி. அவர் படுகிற பாட்டைப் பார்த்தால், நமக்கு இதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை” என்கிற பொருளில் பேசினார். சபை அமைதியாகிவிட்டது. போல்டன் அணியின் தடுப்பாட்டக்காரர் டாமி பேங்க்ஸ் எழுந்து பதில் சொன்னார். உன் அப்பா பக்கம்தான் நானும். ஆனால் அவர் கரி வெட்டுவதைப் பார்க்க முப்பதாயிரம் பேர் திரளமாட்டார்கள், நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டான்லி மேத்யூஸைப் பார்க்கத் திரளுவார்கள் என்றார். விவாதம் அங்கேயே முடிந்தது. வேலைநிறுத்தத்துக்கு நாள்கூடக் குறித்துவிட்டார்கள். 1961 ஜனவரியில் உச்சவரம்பு போயிற்று.

ஃபுல்ஹாம் கிளப்பின் தலைவர் டாமி டிரிண்டர் தொழில்முறை நகைச்சுவைக் கலைஞர். வரம்பு மட்டும் இல்லையென்றால் தன் அணியின் நட்சத்திரம் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு தருவேன் என்று முன்பு வாய்விட்டிருந்தார். இப்போது தர வேண்டியதாயிற்று! வாங்கிக் கொடுத்த ஹில்லுக்கோ அதில் காசு பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஆண்டு முழங்கால் காயத்தோடு அவர் ஆட்டம் முடிந்தது.

உடனே கவென்ட்ரி அணிக்கு மேலாளராகப் போனார். இங்கிலாந்து லீகின் மூன்றாம் பிரிவில் கிடந்த அணி ஆறே ஆண்டில் முதல் பிரிவுக்கு ஏறியது. சீருடையை வான நீலமாக்கினார், ரசிகர்கள் பாடப் பாட்டு எழுதினார், மின்னணு ஸ்கோர்போர்டு வைத்தார். (இந்த ஸ்கோர்போர்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.) 1965-இல் கவென்ட்ரி அணி கார்டிஃப் நகரில் ஆடிய ஆட்டத்தைத் தன் சொந்த மைதானத்தில் பெரிய திரைகள் கட்டி நேரடியாகக் காட்டினார். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் வெறும் புல்தரையில் நிறுத்திய திரைகளைப் பார்க்க வந்தார்கள். தொலைக்காட்சிக்குப் போகும் முன்பே அவர் தொலைக்காட்சிக்காரர் ஆகிவிட்டார் என்று நான் சொல்வது இதனால்தான்.

1967-இல் முதல் பிரிவில் ஆடும் முன்பே மேலாளர் பதவியை உதறினார். அடுத்த ஆண்டு லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் விளையாட்டுப் பிரிவின் தலைவர். 1970 உலகக் கோப்பைக்கு அவர் செய்த காரியம் இன்றைக்கும் நம் வீட்டுக் கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. மால்கம் அலிசன், டெரெக் டூகன், பேடி கிரெராண்ட், பாப் மெக்னாப் என்று ஆட்டம் தெரிந்த நால்வரை வரிசையாக உட்கார வைத்து, பிரையன் மூர் தொகுக்க, வாதாட விட்டார். அலிசன் வம்புக்கு இழுப்பார், டூகன் மடக்குவார். ஆட்டத்தைவிட இடைவேளை சூடாக இருந்தது. இன்று எந்த விளையாட்டுக்கும் நான்கு பேர் மேசை போட்டுச் சண்டை பிடிக்கிறார்களே, அதன் பாட்டன் அந்த நிகழ்ச்சிதான். அது வரமா சாபமா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

1973-இல் பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியான மேட்ச் ஆஃப் தி டேக்கு வந்தார். கோல் விழுந்த கணத்தை எல்லோரும் காட்டுவார்கள். ஹில், படத்தை மெதுவாக ஓடவிட்டு, கோல் விழுவதற்கு முன் எந்தத் தடுப்பாட்டக்காரர் எங்கே நின்றிருக்க வேண்டும், ஏன் நிற்கவில்லை என்று காட்டினார். பார்க்கிறவர் முட்டாள் இல்லை, சொன்னால் புரிந்துகொள்வார் என்ற மதிப்பு அதில் இருந்தது. மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார், வாங்கியும் கட்டிக்கொள்வார். 1982 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு எதிராக ஸ்காட்லாந்தின் டேவிட் நேரி அடித்த அபாரமான கோலை ‘கால்விரல் நுனியால் தட்டியது’ என்று சொல்லப்போக, ஒரு நாடே அவரை மன்னிக்கவில்லை. அந்த ஆட்டத்தில் ஸ்காட்லாந்து 4-1 என்று தோற்றது வேறு கதை.

இப்போது ஸ்கோர்போர்டுக்கு வருவோம். 1977 மே, பருவத்தின் கடைசி நாள். ஹில் இப்போது கவென்ட்ரியின் நிர்வாக இயக்குநர். பிபிசி முகமும் அவர்தான். இரண்டு படகில் கால் வைப்பது அன்று யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. கவென்ட்ரி, பிரிஸ்டல் சிட்டி, சண்டர்லேண்ட் மூன்றில் ஒன்று கீழ்ப் பிரிவுக்கு இறங்கியாக வேண்டும். முதல் இரண்டும் ஒன்றோடொன்று ஆடுகின்றன; சண்டர்லேண்ட் எவர்ட்டன் அணியோடு, அவர்கள் மைதானத்தில். கூட்ட நெரிசல் என்று கவென்ட்ரி ஆட்டம் சில நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. 2-2 என்று இருந்தபோது, எவர்ட்டனிடம் சண்டர்லேண்ட் தோற்ற செய்தி வந்தது. ஸ்கோர்போர்டில் போடச் சொன்னார் ஹில். சமன் ஆனால் இரண்டு அணியும் தப்பும் என்று ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்துவிட்டது. மீதி நேரம் பந்தை ஆளுக்கு ஆள் தட்டிக்கொண்டு நின்றார்கள். சண்டர்லேண்ட் இறங்கியது. ஹில்லுக்குக் கிடைத்தது கண்டனம் மட்டுமே.

காசு கொடுத்து வந்தவருக்கு ஆட்டம் காட்ட வேண்டும் என்று இருபது ஆண்டாகப் பேசியவர், அவர்களுக்காகவே வைத்த கருவியால் ஓர் ஆட்டத்தைக் கொன்றார். அவருடைய வேறு எந்தக் குறைக்கும் நான் சமாதானம் சொல்வேன்; இதற்கு மாட்டேன். வேடிக்கை என்னவென்றால், வெற்றிக்கு மூன்று புள்ளி கொடுத்தால் சமனுக்கு ஆடமாட்டார்கள் என்று வாதாடி, 1981-இல் இங்கிலாந்து லீகை ஏற்க வைத்தவரும் இவரே. இன்று உலகமே அந்தக் கணக்கில்தான் ஆடுகிறது.

2008-இல் ஃபுல்ஹாம் மைதானத்துக்கு, தன் பழைய கிளப் ஆடுவதைப் பார்க்கப் போயிருந்தார். வயது 79. எதிரணி சண்டர்லேண்ட். அவர்களுடைய ரசிகர்கள் அவரைக் கண்டுகொண்டார்கள். முப்பத்தோரு ஆண்டு கழித்தும் எழுந்த கூச்சலில், அவரைப் பத்திரமாக வெளியே அழைத்துப் போக வேண்டியதாயிற்று.